அகராதியில் எங்கள் பெயர்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மாடம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ, நகரக்கூட இடமில்லை. பள்ளியில் ஆங்கில தினத்துக்கு சார்ட் வேலை. என் 9-பிக்குத் தலைப்பு: தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள்.

கேட்டமரான் – கட்டுமரம்.
செரூட் – சுருட்டு.
மல்லிகடானி சூப் – மிளகுத்தண்ணீர். இதற்குத்தான் ஒரே சிரிப்பு. "ஸ்டார் ஹோட்டல்ல நம்ம ரசத்தையா மிஸ் விக்கறாங்க?"

கடைசியில் நிலோஃபர், அகராதியோடு. "மிஸ், பரையான்னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை. ஒதுக்கி வைக்கப்பட்டவர்னு அர்த்தம். இதுவும் தமிழ்லேர்ந்துதான் போச்சாம். சேர்க்கலாமா?"

"நாளைக்குப் பார்க்கலாம்மா."

பறையர். நாங்கள்தான். பள்ளியில் யாருக்கும் தெரியாது. ஆறு வருடம்.

ஜூலை 9, புதன்

ஆங்கிலத் துறைத் தலைவி விஜி மேடத்திடம் பட்டியல் காட்டினேன், பரையாவையும் சேர்த்து. அந்த ஒன்றை மட்டும் அடித்தார். "சென்சிட்டிவ்ப்பா. பேரன்ட்ஸ் வருவாங்க. கட்டுமரம், ரசம் போதும்."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மாலை மழை. கொடியில் துணி மொத்தமும் நனைந்துவிட்டது. கணவரிடம் சொன்னேன். "உனக்கெதுக்கு வம்பு? பசங்க உன்னை வேற மாதிரி பார்க்க ஆரம்பிச்சா?"

எழுந்துபோய் நனைந்த துணியைப் பிழிந்தேன்.

ஜூலை 10, வியாழன்

மூன்றாம் பீரியட். நிலோஃபர் விடவில்லை. "ஏன் மிஸ் எடுத்துட்டாங்க? கெட்ட வார்த்தையா?"

அதற்குமேல் தாங்கவில்லை.

"இல்லம்மா. அது என் சாதியோட பேரு. பறைங்கிற மேளத்துலேர்ந்து வந்ததுன்னு சொல்வாங்க. எங்களை ஊரு எப்படி ஒதுக்கி வெச்சுதுன்னு வெள்ளைக்காரங்க பார்த்தாங்க. எங்க பேரையே அந்த அர்த்தத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

பின் பெஞ்சில் யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள்.

நிலோஃபர் ஸ்கெட்ச் பேனாவைத் திறந்தாள். "இப்ப சொன்னதை அப்படியே எழுதலாமா மிஸ்?"

"எழுது."

ஜூலை 11, வெள்ளி

சார்ட் மாட்டியாயிற்று, 'எங்க மிஸ் சொன்னது' என்ற வரியோடு. விஜி மேடம் அதன்முன் நின்று படித்தார். பிறகு நேரே ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். கழற்றச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஆறு வருஷமா ஒண்ணா சாப்பிடறோம். என்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்லையா?"

"தினமும் தோணும் மேடம்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். முடியவில்லை. நானும் உதவவில்லை. பெல் அடித்தது.