கிழங்கு மசித்த கை நின்ற இடம்

என் கறுப்புத் தங்கமே, சுமதி டீச்சரம்மா,

நீ இருக்கும் இடத்தில் மழையா, வெயிலா? இங்கே குண்டசாலையில் காலையிலிருந்து இரண்டும் இல்லாத ஒரு வெளிச்சம். தெல்தெனிய பஸ்கள் பனிக்குள்ளிருந்து சத்தமில்லாமல் வந்து நிற்கின்றன, சத்தமில்லாமல் போகின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் நீ குடையோடு இறங்குவாய் போலவே இருக்கிறது. இறங்கினால் முதலில் என்ன கேட்பாய்? ரோல்ஸ் சூடாக இருக்கிறதா என்றுதானே. உடம்பைக் குறைக்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, என் கடையில் நின்று மூன்றாவது ரோல்ஸைக் கடித்தவள் நீ.

இதை நான் கையால் எழுதுகிறேன். உன் மாணவி கௌசல்யா ஃபோனில் அடித்து இணையத்தில் இருக்கிற உன் பக்கத்தில் போடுவாள். எல்லாரும் வாசிக்கப்போகிறார்கள், கொஞ்சம் மரியாதையாகப் பேசலாம் என்று பார்த்தேன். தங்கச்சியிடம் அதெல்லாம் வருமா? அஞ்சாம் வகுப்போடு அடுப்படிக்கு வந்தவள் எழுத்து. பிழை இருந்தால் சிவப்பு மையைத் தேடாதே.

உன் பக்கத்தின் கதை எல்லாருக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

உன் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகம் வாசிப்பார்கள். அதைப் பற்றி எழுதி, தங்கள் வாயாலேயே வாசித்து உனக்கு அனுப்புவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நீ என் கடைக்கு வந்து, மாவு மேசையில் ஃபோனைச் சாய்த்து வைத்து அதையெல்லாம் ஓடவிடுவாய். ரோல்ஸுக்குக் கிழங்கு மசித்தபடி நான் கேட்பேன். என் கை நின்றால் அந்த விமர்சனம் இணையத்தில் ஏறும். நிற்காவிட்டால் பிள்ளை திரும்ப எழுத வேண்டும். இப்படி ஒரு பரீட்சை நடப்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. "பெரியம்மா கை நின்னுச்சா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டபோதுதான் பிடிபட்டது. என்னைக் கேட்காமலே ஒரு வகுப்புக்குப் பெரியம்மாவாக்கி வைத்திருந்தாய்.

அவர்களுக்கு நீ சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. பிடித்தால் பிடித்தது என்று எழுது, பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுது, இரண்டுக்கும் ஏன் என்று சொல்.

பிறகு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். போன இடத்திலேயே இருந்துவிட்டாய்.

உன் வீட்டுக்காரர் தங்கள் ஊர் வழக்கப்படி முப்பத்தோராம் நாளுக்கு உன் புகழ் பாடும் நினைவு மலர்ப் புத்தகம் அச்சடித்தார். பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த விமர்சனங்களைக் கேட்க வேண்டும் நீ. ஒவ்வொரு புத்தகமும் ஒளிவிளக்காம், ஒவ்வொரு எழுத்தாளரும் பண்பின் சிகரமாம். நாய்க்குட்டிக் கதைக்குக்கூட ஒருத்தன் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்தித்திருந்தான். அந்த நாய்க்குட்டி கடைசிவரை உயிரோடுதான் இருக்கிறது.

நான் சிரித்தேன். உன் வீட்டுக்காரரால் முடியவில்லை. ஒரு மத்தியானம் உன் ஃபோனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"அக்கா, இது அடிக்கிற நேரமெல்லாம் அவ குளிச்சிட்டு வந்து எடுப்பா எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன். பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டு இந்த மாசத்தோட நிப்பாட்டுவம். பக்கத்தையும் மூடிவிடுவம்."

அவரிடம் என்ன சொல்வது? எனக்கும் அப்படித்தானே இருந்தது. சரி என்றேன். ஆனால் பிள்ளைகளிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஃபோனைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். மாசம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்திலிருந்து கௌசல்யாவின் குரல் வந்தது. நீ அவளுக்குக் கடைசியாகக் கொடுத்த புத்தகம் பற்றி. போன மச்சான் வருவான் என்று ஒருத்தி புத்தகம் முழுக்க ஜன்னலோரம் காத்திருப்பாளே, நீ வாசித்து வாசித்து அழுவாயே, அதுதான். இந்நூல் ஒரு பொக்கிஷம், வரிக்கு வரி முத்து என்று வாசித்துக்கொண்டே போனாள். என் கை நிற்கவே இல்லை.

அவளுக்குப் பதில் அனுப்பினேன். "ஏம்மா, யாருக்குப் பொன்னாடை போத்துற? இன்னிக்குக் கிழங்கு பஞ்சு மாதிரி மசிஞ்சிருச்சு, போ."

 பிறகு மெல்லிய குரலில் அவள் பதில் வந்தது.

"பெரியம்மா, டீச்சருக்கு அது உசுரு. எனக்குப் பிடிக்கல. செத்துப்போனவங்ககிட்ட அத எப்படிச் சொல்றது?"

சுமதி, அப்போது கடைக்கு வெளியே மழை பிடித்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரு, மரம், ஆட்கள் எல்லாம் கரைந்து போய்க்கொண்டிருந்தன. நீ என் பின்னால் நின்று ரோல்ஸ் கடிப்பது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாய்.

"என் தங்கச்சி செத்தும் என்கூடச் சண்டை போடுறா. ஒங்கூடப் போடமாட்டாளா? பிடிக்கலேன்னு எழுது. ஏன்னு சொல்லு," என்றேன்.

மறுநாள் அனுப்பினாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"இந்தக் கதையில் வரும் அக்கா ஜன்னலோரம் காத்திருக்கிறார். எங்கள் லயத்து வீடுகளில் காத்திருப்பவர்கள் கொழுந்து பறித்துக்கொண்டே காத்திருக்கிறார்கள். அவர் எழுந்து ஒரு வேலை செய்திருந்தால் எனக்கு அவரைப் பிடித்திருக்கும். டீச்சர் அழுத இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். எனக்கு அந்த இடங்களில் அழுகை வரவில்லை. கோட்டைப் பார்த்துத்தான் வந்தது."

அன்றைக்கு ஒரு சட்டி ரோல்ஸ் கருகிப்போனது. கணக்கில் உன் பேரில் எழுதியிருக்கிறேன்.

யாரையும் கேட்காமல் அதைப் பக்கத்தில் போட்டேன். எந்த இடத்தை அமத்துவது என்று கௌசல்யாவே ஃபோனில் சொல்லித் தந்தாள். போட்ட பிறகுதான் பயம் வந்தது. உன் வீட்டுக்காரர் பார்த்தால்? மனைவிக்கு உயிரான புத்தகத்தை ஒரு பிள்ளை இப்படி எழுதியிருக்கிறது, அக்காவே அதை ஏற்றியிருக்கிறாள் என்று நினைத்தால்?

பிள்ளைகள் அதன் கீழே எழுதி எழுதிச் சண்டை பிடித்தார்கள். காத்திருப்பதும் ஒரு வேலைதான் என்றாள் ஒருத்தி. அப்படியென்றால் சம்பளம் யார் கொடுப்பது என்றான் நாய்க்குட்டிக்காரன். நினைவு மலர் ஓடிப்போய், உன் பிள்ளைகள் திரும்பி வந்திருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாக வாசித்தபடி இருந்தபோது, நடுவில் உன் வீட்டுக்காரரின் பெயர் வந்தது.

"எனக்கும் அந்தப் புத்தகம் பிடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் சொல்லப் பயந்துகொண்டு இருந்தேன். நன்றி மகள்."

பாவி மனுஷன். இத்தனை வருஷமும் உன்னோடு சேர்ந்து கண்ணைத் துடைத்தவரல்லவா?

மாசம் முடிந்தது. அவர் கடைக்கு வந்தார். நான் ஃபோனை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை, கதிரையை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அடுத்த பிள்ளையின்ரைய போடுங்கோ அக்கா, கேப்பம்," என்றார். இப்போது நீ நின்ற இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். ரோல்ஸும் உன் அளவுக்குச் சாப்பிடுகிறார்.

அந்தப் புத்தகம் இப்போது என்னிடம். மத்தியானத்தில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கிறேன். கண் அசந்தால் எழுத்தெல்லாம் பனியில் போகிற பஸ் மாதிரி நகர்கிறது. அவள் இன்னும் ஜன்னலோரம்தான். உன் முதல் பென்சில் கோட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே எதற்கடி அழுதாய்?

வாசித்து முடித்ததும் என் விமர்சனத்தையும் என் வாயாலேயே வாசித்து உன் நம்பருக்கு அனுப்புவேன். பிடித்தால் பிடித்தது என்பேன், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்பேன். நீ செத்துப்போனாய் என்பதற்காகப் பொய் சொல்லமாட்டேன். இது சத்தியம்.

என் கை நிற்கிறதா என்று இத்தனை நாள் பார்த்தவளே, இனி பென்சில் பிடித்த உன் கை எங்கே நிற்கிறது என்று நான் பார்க்கிறேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து,
உன்னைவிட ஒரு ரோல்ஸ் குறைவாகச் சாப்பிடும்
உன் அக்கா.