கடைவீதி மீட்டரும் என் குரலும்

22.9.2025, திங்கள்
வேலை கிடைத்துவிட்டது! நகராட்சி விளம்பரப் பிரிவு, தற்காலிகம். கடைவீதியில் வண்டி நிறுத்தினால் சீட்டு கிழித்துத் தர இனி ஆள் கிடையாது, பார்க்கிங் மீட்டர்தான். அதை ஊருக்குச் சொல்ல ஒரு குரல் வேண்டுமாம். இரண்டு வாரம் பார்ப்பார்கள். மக்களுக்குப் புரிந்தால் நான் தொடரலாம். இல்லாவிட்டால் கோயம்புத்தூர் விளம்பரக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள். என் அதிகாரி அருணகிரி சார் இதைச் சிரிக்காமல் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். என்ன பழக்கமோ!

24.9
சார் தந்த தாளில், "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்..." படித்துப் பதிவு செய்தேன். விளம்பர ஆட்டோ ஓட்டும் மணிமாறன் அண்ணன், "எழவுச் சேதியாட்ட இருக்குதுங்க அம்மணி" என்றார். மறுபடி என் இஷ்டத்துக்குப் பேசினேன்: "ஏனுங்க, வண்டிய நிறுத்திப்போட்டீங்களா? மீட்டர்ல வண்டி நெம்பர அழுத்துங்க, க்யூஆர் கோட்ட ஸ்கேன் பண்ணுங்க, சீட்டு வரும். அவ்வளவுதானுங்க!"
சார் இரண்டையும் கேட்டார். "ரெண்டாவது" என்றார். போதும் எனக்கு.

29.9
மீட்டர்கள் இயங்கத் தொடங்கின. டீக்கடையில் நிற்கும்போது ஆட்டோ கடந்து போனது. என் குரல்! ஒலிபெருக்கியில்! சுடிதாரில் டீயைக் கொட்டிக்கொண்டேன். சும்மாவே நான்கு முறை வீதியைச் சுற்றி வந்தேன்.

3.10, வெள்ளி
போச்சு. காலையிலிருந்து ஒரு மீட்டரும் ஸ்கேன் ஆகவில்லை. காரணம் முந்தாநாள் ஆயுதபூஜை. தராசுக்கும் லாரிக்கும் பூஜை போட்டவர்கள் வாசலில் நிற்கும் புது மீட்டரை விடுவார்களா? பன்னிரண்டு மீட்டருக்கும் சந்தனம், குங்குமம். பொட்டு வைக்க வாகான சதுரம் எது? க்யூஆர் கோடு!
"புது மிசினுக்குப் பொட்டு வெக்காம உடலாமுங்களா?" என்றார் மளிகைக்கடை அப்புசாமி அண்ணன்.
சார் போனில், "கோயம்புத்தூர் கம்பெனிக்காரங்கள வரச் சொல்லிரட்டுமா?"
யார் மேல கோவிச்சுக்கறது? மரியாதையா பொட்டு வெச்சவங்க மேலயா?
ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன். ஆட்டோவில் ஏறி நானே மைக்கைப் பிடித்தேன். "மீட்டருக்குப் பொட்டு வெச்சீங்க, ரொம்ப சந்தோசமுங்க! பொட்டு நெத்தியில இருக்கட்டும், மூஞ்சி முழுக்க வேண்டாமுங்க. கோட்ட மட்டும் தொடச்சு உடுங்க!"
வீதியே சிரித்தது. அப்புசாமி அண்ணன்தான் முதலில் ஈரத்துணியோடு இறங்கினார். பிறகு கடைக்குக் கடை துணி. கத்திக்கொண்டே இருந்தேன்.

4.10
தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர், வெந்நீர், வெந்நீர்.

6.10, திங்கள்
காலையில் சார் போன் செய்தார். "பணி நீட்டிப்பு ஆணை ரெடி. கையெழுத்துப் போட வாங்க." தலைகால் புரியவில்லை. ஸ்கூட்டியைக் கடைவீதியில் போட்டுவிட்டு ஓடினேன்.
பின்னாலிருந்து பூ விற்கும் கந்தம்மாள் அக்கா போட்டாரே ஒரு சத்தம்! "ஏ அம்மணி! சீட்டு எடுக்காம எங்க ஓடற? அந்தப் புள்ள ஆட்டோவுல ஊரு முச்சூடும் தொண்டை கிழியக் கத்துதே, உங்காதுல உழுவலியா?"
"உழுந்துச்சுங்க அக்கா" என்றேன். கட்டிய தொண்டையில் காற்றுதான் வந்தது.