கம்ப்யூட்டரை ஆன் செய்ய வேண்டாம்

இதைப் படிக்காமல் ஆன் செய்துவிடுவீர்களோ என்றுதான் சீட்டை ஸ்விட்ச் மேலேயே ஒட்டியிருக்கிறேன்.

இப்போதுதான் ரிப்பேர் கடை அம்மாவிடம் போனில் பேசினேன். தவறிப்போன உங்கள் அண்ணனின் குரல் பதிவுகள் என்று தெரியாமல், இடம் போதவில்லை என்று அந்த ஃபோல்டரை நான் அழித்ததை மறைக்காமல் சொன்னேன்.

"பழைய டிஸ்க்னா, அழிச்ச உடனே போயிடாதும்மா. அந்த இடத்துல புதுசா ஏதாவது ஏறினாத்தான் போகும். தொடாம வைங்க" என்றார்.

மீட்கிற சாஃப்ட்வேர் எதையும் அதில் இறக்காதீர்கள். அதுவே பதிவுகளின் மேல் ஏறிவிடுமாம். நாலு மணிக்கு அவரே வருகிறார். கிடைக்கும் என்று உறுதி சொல்லவில்லை.

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன்.

முந்தாநாள் "எங்க அண்ணன் ரெண்டாவது தடவையும் செத்துட்டாரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். அதோடு என்னிடம் பேசவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பி.கு. என் போனைத் துழாவியதில் உங்கள் அண்ணன் எனக்கு அனுப்பிய ஒரே ஒரு குரல் பதிவு கிடைத்தது. நாம் முன்பு சண்டை போட்டுப் பேசாமல் இருந்தபோது அனுப்பியது. அதனால்தான் உங்களிடம் காட்டவில்லை. இப்போது உங்கள் போனுக்கு அனுப்பிவிட்டேன். பென்டிரைவிலும் ஒரு நகல் இருக்கிறது. பதினோரு விநாடிதான்.

"தம்பி கோவக்காரன்மா. மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். அப்புறம் அவனே வந்து பேசுவான். நீ மனசுல வச்சுக்காத" என்கிறார்.

ஆறு மணிக்கு வந்துவிடுவேன். இன்று மூன்றாவது நாள்.