கடல் பார்த்த வீடு

12 மார்ச் 1983

இன்றைக்கும் மாலை ஷிப்ட். எக்ஸ்சேஞ்சில் மின்விசிறி நின்றுபோய் ஒரு வாரம் ஆகிறது. ஹெட்போன் அமுக்குகிற இடமெல்லாம் வேர்க்குரு. மாயவரம் லைன் விட்டு விட்டு வந்தது. "தூங்குறீங்களா அங்க?" என்று ஒரு அரிசி மண்டிக்காரர் கத்தினார். பிரெஞ்சுக்காரன் போன மறுவருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து யாராவது கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பக்கத்து போர்டிலிருந்து லோகா என் பக்கம் குனிந்து, இன்னும் கொஞ்ச காலம்தான், அப்புறம் யார் கத்தினாலும் நமக்குக் கேட்காது என்றாள்.

லோகாம்பாளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் புருஷனை இழந்து கைக்குழந்தையோடு வந்தாள். நான் கல்யாணம் ஆகாமல் வந்து அப்படியே இருந்துவிட்டேன். ரிட்டையரானதும் கடலோரமாக ஒரு வீடு பிடித்து இரண்டு பேரும் இருக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். ஜன்னல் இல்லாத அறையில் ஆயுசு போய்விட்டது. மிச்சத்தையாவது காற்றில் உட்கார்ந்து கழிக்க வேண்டும். காலையில் காபியோடு கடலைப் பார்ப்பது, சாயங்காலம் மணலில் கால் நீட்டிக்கொள்வது, அவ்வளவுதான் ஆசை.

எந்த ஊர் என்பதுதான் முடிவாகவில்லை. காரைக்காலில் ஊர் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். நடுவில் வெறும் மணலும் அரசலாறும்தான். இரண்டு பேருக்கும் ஒன்றாக ஓய்வு வருகிற ஞாயிறுகளில் ஒவ்வொரு ஊராகப் போய்ப் பார்ப்பது என்று பேசியிருக்கிறோம்.

10 ஏப்ரல் 1983

நாகூர் போனோம். வீடு நல்ல வீடு. மாடியில் நின்றால் தென்னைக்கு மேலே ஒரு கோடு மாதிரி கடல். வீட்டுக்கார அம்மா உம்மு சல்மா அன்பாகத்தான் பேசினார். ஆம்பளை யார் இருப்பாங்க என்று கேட்டார். யாரும் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான் என்றேன். உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு தம்ளர் சர்பத். "கோச்சுக்காதீங்கம்மா. அவங்க வேணாங்குறாங்க."

சர்பத் இனிப்பாக இருந்தது. குடித்துவிட்டு வந்தோம்.

22 மே 1983

வேளாங்கண்ணி. கூட்டம். நாள் கணக்குக்கு அறை உண்டு, குடியிருக்க வீடு இல்லை. வெயிலில் தலை சுற்றியது. லோகா ஒரு கீற்றுக்கொட்டகைக் கடை நிழலில் உட்கார்ந்துகொண்டு, நீ போய்க் காலை நனைத்துக்கொண்டு வா என்றாள். போனேன். முழங்கால் வரைக்கும் நின்றேன். திரும்பி வரவே மனசில்லை.

7 ஆகஸ்டு 1983

பூம்புகார். காற்றில் மணல் பறந்து தயிர்ச்சோற்றில் விழுந்தது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை.

அடுத்தது எந்த ஊர்?

30 அக்டோபர் 1983

தம்பி கோவிந்தராசுவிடம் இன்னும் சொல்லவில்லை. ஊரை ஒட்டின தருமபுரத்து வீட்டில் அவன், அவன் பெண்டாட்டி காசியம்மா, பிள்ளைகள், நான். இந்தப் பின்னறையில் இத்தனை வருஷம் இருந்தாயிற்று. போகிறேன் என்றால் என்ன குறை வைத்தோம் என்பான். குறை ஒன்றும் இல்லை. அதுதான் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

22 ஜனவரி 1984

கிடைத்துவிட்டது.

பஸ்ஸில் கோட்டுச்சேரி தாண்டிப் பூவம் செக்போஸ்டில் போலீஸ்காரர் ஏறி எல்லார் பையையும் பார்த்தார். சாராய பாட்டில் இருக்கிறதா என்று எங்கள் பையைக் கிளறினார். சம்பா சாதமும் கத்திரிக்காய் வதக்கலும் இருந்தது. லோகா, "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆற்றுப்பாலம் தாண்டினால் தமிழ்நாடு. இன்னும் கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி.

பழைய காலத்து வீடு. கோட்டைக்கு வடக்கே ஒரு சந்துக் கடைசியில் இருக்கிறது. முன்பக்கம் ஒரு தாழ்வாரம், நடுவில் கூடம், பின்னால் இரண்டு அறை. தாழ்வாரத்தில் நின்றால் எதிரே கடலைத் தவிர ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் மதார் சாகிப் பக்கத்து வீட்டிலேயே மனைவியோடு இருக்கிறார். பிள்ளைகள் சிங்கப்பூரில். ஆம்பளை யார் என்று அவர் கேட்கவில்லை. வேறு ஒன்று சொன்னார்.

"மறைச்சு வாடகைக்கு விடக்கூடாதும்மா. கடல் வருஷா வருஷம் கிட்ட வருது. எங்க வாப்பா காலத்துல இதுக்கு முன்னால ரெண்டு தெரு இருந்துச்சு."

சிவன் கோயில் பாதி கடலுக்குள் கிடப்பதையும் கைகாட்டிச் சொன்னார். எங்கள் காலம் வரைக்கும் தாங்குமா என்று கேட்டேன். இன்ஷா அல்லா என்றார். எங்கள் வேலை முடிகிற வரைக்கும் வேறு யாருக்கும் விடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

வருகிற வழியெல்லாம் நானேதான் பேசினேன். தாழ்வாரத்தில் எங்கே நாற்காலி போடுவது, எந்த அறை அவளுக்கு, எந்த அறை எனக்கு. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உம் கொட்டிக்கொண்டு வந்தாள். அலைச்சல்.

25 ஜனவரி 1984

கோவிந்தராசுவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு எழுந்து போய்விட்டான். ஊர் என்ன பேசும், அக்காவைத் துரத்திவிட்டான் என்று என்னைத்தான் பேசும் என்று காசியம்மாவிடம் சொன்னதாக அவள் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு நின்றாள். பிறகு, "எங்களை விட அவங்கதான் ஒசத்தியா அண்ணி?" என்றாள்.

ஆமான்னா சொல்ல முடியும்? இல்லைன்னு சொல்லவும் வாய் வரலை.

31 ஆகஸ்டு 1984

லோகாவுக்கு இன்று கடைசி நாள். மாலை, ஒரு கைக்கடிகாரம், காராபூந்தி. அவள் எல்லாருக்கும் கும்பிடு போட்டாள். எனக்கு அடுத்த மே வரைக்கும் இருக்கிறது. அதுவரை அவள் தெற்குத் தெருவில் தன் வாடகை வீட்டிலேயே இருப்பாள். அப்புறம் ஒன்றாகப் போவோம்.

பக்கத்து நாற்காலியில் நாளைக்கு ஒரு சின்னப் பெண் வருகிறாளாம்.

3 செப்டம்பர் 1984

லோகாவின் மகன் பாலகுரு நெய்வேலியிலிருந்து வந்திருக்கிறான். மருமகளுக்கு இது ஏழாவது மாசம், பெற்ற தாய் இல்லாத பெண். அம்மா வந்து கூட இருக்கட்டும் என்கிறான். நியாயம்தானே. "மூணு மாசம்தான் சின்னம்மா. பொறகு நானே கொண்டாந்து விடுறேன்," என்றான். நல்ல பையன். அவன் முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போனபோது, லோகாவுக்குக் காலை ஷிப்ட் என்று நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

லோகா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். "போய்ட்டு வந்துடுறேன்," என்றாள். அவள் போகிறேன் என்று சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

18 நவம்பர் 1984

லோகாவுக்குப் பேத்தி. இரண்டு பேரும் சுகமாம். பாலகுரு ஆபீசிலிருந்து டிரங்க் கால் போட்டான். போர்டில் நான்தான் இருந்தேன். வேறு யாருக்கோ வந்த கால் என்று நினைத்து வழக்கம்போல "காரைக்கால்" என்றேன்.

2 டிசம்பர் 1984

நேற்றுப் புயல் நம் தலை மேலேயே கரை ஏறியது. கொல்லையில் முருங்கை, வாழை எல்லாம் படுத்துவிட்டது. ஓடு பறந்து காசியம்மாவுக்கு நெற்றியில் அடி. எல்லா லைனும் செத்துக் கிடக்கிறது. எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சத்தமில்லாத போர்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். தரங்கம்பாடி என்ன ஆயிற்றோ.

16 டிசம்பர் 1984

தரங்கம்பாடிக்கு மறுபடி பஸ் விட்டுவிட்டார்கள் என்று போய்ப் பார்த்தேன். தாழ்வாரம் இல்லை. தூண் ஒன்று மணலில் குப்புறக் கிடக்கிறது. கூடத்துச் சுவர் இடுப்பளவு ஈரம். பின்னறை இரண்டும் நிற்கிறது. மதார் சாகிப் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேனே அம்மா என்கிற மாதிரி பார்த்தார். பின்னறைகளைச் சரி செய்து தருகிறேன், வந்தால் வாருங்கள், வராவிட்டாலும் வருத்தமில்லை என்றார்.

வருகிறோம் என்றேன். யாரைச் சேர்த்து "றோம்" என்றேன்?

14 ஏப்ரல் 1985

வருஷப் பிறப்பு. லோகாவிடம் போனில் பேசினேன். குழந்தை பின்னால் அழுதுகொண்டே இருந்தது. மருமகள் வேலைக்குப் போகிறாளாம். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"நீ போ அல்லி. எனக்காக நிக்காத."

டிரங்க் காலுக்கு உண்டான மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது. நீட்டச் சொல்லியிருக்கலாம். எத்தனை பேருக்கு நீட்டிக் கொடுத்திருக்கிறேன் — அழுதுக்கிட்டு, சண்டை போட்டுக்கிட்டு, சும்மா மூச்சு விட்டுக்கிட்டு. எனக்குன்னு வந்தப்போ நானே லைனைப் பிடுங்கிட்டேன்.

31 மே 1985

மாலை, கைக்கடிகாரம், காராபூந்தி.

16 ஜூன் 1985

தரங்கம்பாடிக்கு வந்துவிட்டேன். ஒரு மாட்டு வண்டிச் சாமான் கூட இல்லை. கோவிந்தராசு கூட வந்து கட்டிலைப் பூட்டிக் கொடுத்தான். கிளம்பும்போது ரேஷன் கார்டைப் பற்றிக் கேட்டான். பாண்டிச்சேரி கார்டைக் கொடுத்துவிட்டு இங்கே புதிதாக வாங்க வேண்டும், அதுவரைக்கும் அரிசி அனுப்பிவைக்கிறேன் என்றான். பஸ்ஸில் ஏறின பிறகும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடல் இருக்கிறது. நினைத்த மாதிரியேதான் இருக்கிறது. காபி போட்டு எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஆறிப்போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். குடிக்கப் பிடிக்கவில்லை.

11 ஜூலை 1985

ஒன்றும் இல்லை.

4 ஆகஸ்டு 1985

மதார் சாகிப் மனைவி அஜீசுன்னிசா மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். யாரிடமும் பேசாமல் நாலு நாள் ஆகிவிட்டது என்று, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரிந்தது. தொண்டை கட்டியிருந்தது.

தருமபுரத்துக்குத் திரும்பிப் போகலாமா? பின்னறையில் இப்போது கோவிந்தராசுவின் பெரிய பையன் படிக்கிறான்.

22 செப்டம்பர் 1985

லோகா வந்தாள்.

பாலகுரு யாரிடமோ ஜீப் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணமாம், போகிற வழியில். அவனும் மருமகளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோட்டையைப் பார்க்கப் போனார்கள். லோகா உள்ளே வந்தாள். இளைத்திருக்கிறாள். அறையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், நல்லா இருக்கு என்றாள். வெளியே வந்து பார் என்று கையைப் பிடித்து இழுத்தேன். வாசற்படியோடு நின்றுவிட்டாள்.

வேண்டாம் என்றாள். அந்தச் சத்தம் ஆகவில்லை என்றாள். சின்னதிலிருந்தே ஆகாதாம். இந்த அலைச் சத்தம் காதில் விழுந்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளுமாம். நாகூரிலும் அப்படித்தான், பூம்புகாரிலும் அப்படித்தானாம்.

எனக்குப் புரியவே இல்லை. அப்புறம் எதற்கு ஊர் ஊராகக் கூட வந்தாய் என்று கேட்டேன்.

"நீ ஆசைப்பட்ட. உங்கூட இருக்கணும்னு நான் ஆசைப்பட்டேன். அது எந்த ஊரா இருந்தா என்ன?"

தெற்குத் தெரு வீடே போதுமாக இருந்ததாம் அவளுக்கு. அன்றைக்கே அங்கேயே வந்துவிடுகிறேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பாலகுருவிடம் வரமாட்டேன் என்று தைரியமாகச் சொல்லியிருப்பாளாம். கடலுக்காக மகனிடம் சண்டை போட முடியவில்லை என்றாள். சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான்.

இப்ப வந்துடேன், கடலை விட்டுட்டு நான் வந்துடுறேன், எங்கயாவது ஒரு வீடு பாப்போம்னு சொன்னேன். பாப்பா என்னை விட்டா தூங்க மாட்டா அல்லின்னா. ஜீப் ஹாரன் அடிச்சுது. கண்ணைத் துடைச்சுவிட்டா. போயிட்டா.

23 செப்டம்பர் 1985

ரெண்டு வருஷம் நான் அவளை ஒரு கேள்வி கேட்கலை. ஒரே ஒரு கேள்வி. எந்த ஊரு, எந்த ஊருன்னு கேட்டேன். உனக்குப் புடிக்குமான்னு கேட்கலை. அவளும் சொல்லலை. சொல்லியிருக்கக் கூடாதா? அத்தனை பக்கத்தில உட்கார்ந்திருந்தோமே.

28 அக்டோபர் 1985

மழை. பின்னறையிலும் ஒழுகுகிறது.

9 பிப்ரவரி 1986

முன்கூடத்தை மதார் சாகிப் சுவர் எழுப்பிச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். இன்று அதைப் பார்க்கத் திருச்சியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். புருஷனுக்கு வேலை முடிந்துவிட்டதாம். இனிமேல் நிம்மதியாகக் கடலோரம் இருக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக ஊர் ஊராகப் பார்க்கிறார்களாம். மதார் சாகிப்புக்கு முழங்கால் வலி. சாவியை என்னிடம் கொடுத்துக் காட்டச் சொன்னார்.

காட்டினேன். கிணறு, கூடம், கதவு, உப்புக் காற்றில் துருப்பிடிக்கிற கீல். கடல் வருஷா வருஷம் கிட்ட வருவதையும் சொன்னேன். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. நேரே தண்ணீருக்கு இறங்கிப் போய்விட்டார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

அந்த அம்மா கூடத்திலேயே நின்றார். என் வயசு இருக்கும். பெயர் சௌந்தரவல்லியாம்.

"உங்களுக்குக் கடல் புடிக்குமா?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு ரொம்பப் புடிக்கும்," என்றார்.

"உங்களைத்தாங்க கேட்டேன்."

என்னைப் பார்த்தார். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்ட மாதிரி பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் அவசரப்படுத்தவில்லை. புருஷன் வெளியிலிருந்து இன்னொரு தடவை கூப்பிட்டார். அந்த அம்மா தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, "இருங்க, அவங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டு வந்துடுறேன்," என்று சொல்லிவிட்டு மணலில் இறங்கி நடந்தார். இரண்டு பேரும் நெடுநேரம் நின்று பேசினார்கள். காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை.

குடி வருவார்களா என்று மதார் சாகிப் கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். வந்து உலை வைத்தேன்.