உப்பு போகாத சாம்பிள்

3, திங்கள்
காலையிலேயே மழை. கிள்ளான் ரயில் தாமதம், ஷூ நனைந்து நாற்றம். மீன் குடல் அரைத்து வடிகட்டினேன். இதிலிருந்து என் என்சைமை, அந்த ஒரே ஒரு புரதத்தை, தனியாகப் பிரிக்கவேண்டும். இந்த வாரமும் கிடைக்காவிட்டால் பிஎச்டியை நீட்டிக்கக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பேராசிரியர் சொல்லியாயிற்று.
வாங்க: கையுறை, அம்மாவுக்குத் தைலம்.

4, செவ்வாய்
உப்புப் போட்டுப் புரதத்தைத் திரட்டியாச்சு. இனி சவ்வுப் பையில் கட்டி, கோல்ட் ரூமில் பஃபர் கரைசலில் ஊறவைத்து, அந்த உப்பை எடுக்கவேண்டும். டெக்னிஷியன் ரவி அண்ணன் எட்டிப்பார்த்தார். "நாளைக்கு மத்தியானம் கோல்ட் ரூம மூடிருவாங்க லா. கம்ப்ரஸர் மாத்தணும். சீக்கிரம் முடிச்சிரு தங்கச்சி." எனக்கென்றே வரும்.

5, புதன்
கடைசி பஃபர் மாற்றவில்லை. போதும் என்று நினைத்தேன். மீட்டரில் உப்பையும் பார்க்கவில்லை. மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றிவிட்டேன்.
குழாய்க்குள் மணிகளுக்குப் பாசிட்டிவ் சார்ஜ், என் புரதத்துக்கு நெகட்டிவ். ஒட்டிக்கொள்ளும், மற்றது ஓடிவிடும். அப்புறம் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பிடி தளர்ந்து இறங்கும். ஜூனியர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம்.
கோல்ட் ரூமை மூட ரவி அண்ணன் வாசலில் நின்றார். முதலில் ஒட்டாமல் ஓடிவந்ததை சிங்கில் கொட்டிவிட்டு, பிறகு இறங்கியதைப் பிடித்த டியூப்களோடு வெளியே வந்தேன்.

6, வியாழன்
எல்லா டியூபும் டெஸ்ட் செய்தேன். ஒன்றிலும் என்சைம் இல்லை.
பக்கத்து மேசை சியூ மெய் இங்கிலீஷில் கேட்டாள், முதலில் ஓடியது எங்கே என்று. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.
ரயிலில் புரிந்தது. சாம்பிளிலேயே உப்பு மிச்சம். என் புரதம் எதிலும் ஒட்டாமல் முதலிலேயே ஓடிவிட்டது. நான்தான் கொட்டினேன். அழக்கூட வரவில்லை, என்மேல் எரிச்சல்தான்.

7, வெள்ளி
பேராசிரியர்: "இதோட ஸ்டாப் பண்ணிக்குவோம்மா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கோவிலில் யாரிடமோ "மக டாக்டராகப் போறா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

8, சனி
வெயில். கிள்ளான் பாசாரில் கறிக்கு மீன். மீன்கார அங்கிள் என்னைக் கண்டதும் ஐஸ் பெட்டியைத் திறந்தார். "ஒனக்குன்னு கொடல எடுத்து வச்சிட்டேன். மத்தவங்க கேட்டாக்கூட குடுக்கல." வாரா வாரம் சும்மா தருகிறவர். இனி தேவையில்லைதான். வாங்கிக்கொண்டேன்.
வீட்டு ஃப்ரீசரில் வைத்தேன், ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில்.
"நாத்தம் தாங்கல. திங்கக்கெழம லேப்புக்கு எடுத்துட்டுப் போயிருவ இல்ல?"
"போயிருவேன்மா."