முகமில்லாத றிஸ்னா

12.08.2009, புதன்

அஸர் தொழுகைக்குப் பிறகு தங்கை பர்ஸானா வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"ராத்தா, றிஸ்னா திரும்பி வந்திரிக்கி."

செருப்பும் போடாமல் ஓடினேன். தபால் பொதிதான்.

அகதி முகாம் பிள்ளைகளின் உதவிக்காக நாங்கள் இணையத்தில் விற்கும் முகமில்லாத துணிப் பொம்மைகளுக்கு ஆளுக்கொரு பெயர் உண்டு. ஒன்றுக்கு, சுனாமியில் போன என் மகளின் பெயரை நானேதான் வைத்தேன்.

"வாங்கினவ முகம் வெச்சித் தரட்டாம். இப்பிடிப் பார்க்கப் பயமா இரிக்காம்."

"கண் மூக்கு வெச்சா உருவமாகிரும், மார்க்கத்துல கூடாதெண்டு தெரியாதா ஒனக்கு?" என்று கத்திவிட்டேன்.

"ஓம் ராத்தா. எழுதிப் போடுறன்."

மார்க்கத்தைச் சாட்டாகச் சொன்னேன் என்பது அவளுக்கும் விளங்கியிருக்கும்.

இஷாத் தொழுகைக்குப் பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு ஊசியில் கறுப்பு நூல் கோத்தேன். கண் இரண்டும் வைத்தேன். மூக்கு, வாய் எல்லாம் வந்தது. மகளின் கன்னத்திலிருந்த மச்சத்தை வைக்கப் போகையில் கை நின்றுவிட்டது. இடது கன்னமா, வலது கன்னமா? அவளுடைய படங்களையும் கடல் விட்டுவைக்கவில்லை.

பர்ஸானாவுக்கு ஞாபகமிருக்கும். பெற்ற நான் போய் அவளிடம் எப்படிக் கேட்பேன்?