உடுக்கை வேண்டாம்

நமுனுகுல,
புதன்கிழமை

மச்சானுக்கு,

வெள்ளிக்கிழமை கோடாங்கியோடு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கூட்டி வராதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

நம் மகளைப் பேய் பிடிக்கவில்லை. காலையில் தோட்டத்து வேலைக்கு ஆள் கூப்பிடப் பெரட்டுத் தப்பு அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுகிறவள் அவள். போன தடவை கோடாங்கி உடுக்கை அடித்தபோது அவள் கைகளைப் பிடித்திருந்தது நீங்கள்தான். அதற்குப் பிறகு பதினொரு நாள் கஞ்சித்தண்ணியைத் தவிர எதுவும் அவளுக்கு இறங்கவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெதுவாத் தொட்டா இந்தப் புள்ளைக்கு எரியுற மாதிரி இருக்கும்மா. இறுக்கிப் புடிச்சாத்தான் நிம்மதி. முதல்ல இறுக்கிக் கட்டுங்க, அப்புறம் ஒரு வாய் ஊட்டுங்க. வாங்குனதும் அவளுக்குப் புடிச்சதைக் குடுங்க."

தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது நான் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத்தான் அவளுக்குச் சுற்றிக் கட்டுகிறேன். ஒரு வாய் வாங்கியதும், அவளுக்குப் பிடித்த மாதிரி சட்டி மூடியைத் தரையில் சுழல விடுகிறேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பெரியாயி, "பெத்த புள்ளைய மூட்டையாக் கட்டுறாளே" என்று ஏசுகிறாள். ஏசட்டும். நேற்று ஐந்து வாய் சாப்பிட்டாள்.

இன்று காலை தப்புச் சத்தம் கேட்டதும் அவள் சுவரிடம் போகவில்லை. படங்கை இழுத்து வந்து என் கையில் வைத்தாள். பிறந்ததிலிருந்து இந்த ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

தனியாக வாருங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று காட்டித் தருகிறேன். கோடாங்கியோடு வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். வெளியே நின்று உடுக்கை அடித்தால், அவள்மேல் படுத்து என் உடம்பாலேயே அவளை மூடிக்கொள்வேன்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்